உடைக்காத கடிதம்

என்னம்-ஆசூர் செத்து இரண்டு பனிக்காலம் ஆகிறது.
ஆசூர் நகரில் அவன் இன்னும் சாகவில்லை.
அங்கே அவனுக்கொரு மனைவி,
நுஹ்ஷாதும்,
தறியின் முன் உட்கார்ந்து
அவன் விற்பதற்குத் துணி நெய்துகொண்டிருக்கிறாள்.

நான் ஹதலா. கானேஷ்காரி. மலைநாட்டுப் பெண்.
அவளுக்குச் சக்களத்தி.
ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை.
நடுவே நாற்பது நாள் கழுதைப் பாதை.
அவளை எனக்குத் துணியாகத்தான் தெரியும்:
ஒன்பது முழ நீளம், எட்டு முழ அகலம்,
ஒரு பக்கம் மட்டும் சீவிய கம்பளி.
ஓரத்தில் எப்போதும் ஓர் இழை கூட்டி முடிவாள்,
யாரையும் நம்பாதவள் போல.

பொதி பிரிக்கையில்
ஊடையில் சிக்கிய தலைமுடி ஒன்று கிடைக்கும்.
முதல் வருஷம் அது கருப்பு.
பொறாமையில் அடுப்பில் போட்டேன்.
ஒரு முடிக்கு அத்தனை நாற்றம்.
போன வசந்தத்தில் வந்தது நரை.
அதை எறியக் கை வரவில்லை.

அவன் செத்தது கணவாயில்.
வெள்ளீயம் சுமந்த கழுதை பனியில் வழுக்கியது.
கயிற்றை விட்டிருந்தால் பிழைத்திருப்பான்
என்றான் கூட வந்தவன்.
இரண்டு தாலந்து வெள்ளீயத்தை
விட்டுவிடுகிற ஆளா அவன்.
கழுத்தில் கிடந்த உருளை முத்திரையை மட்டும்
கழற்றிக் கொண்டுவந்து என் கையில் வைத்தார்கள்.

சாவைச் சொல்லத்தான் எழுத்தனைக் கூப்பிட்டேன்.
சத்தியமாக.
ஈரக் களிமண்ணைத் தட்டிச் சீராக்கி,
நாணல் குச்சியோடு நிமிர்ந்து
"என்ன எழுத?" என்றான்.
வாசலில் அவள் அனுப்பிய பொதி
அவிழ்க்காமல் கிடந்தது.
உள்ளே என் மகனுக்குக் காய்ச்சல்.
குதிரில் கைவிட்டால் அடி தட்டியது.
"நலமாயிருக்கிறேன் என்று எழுது" என்றேன்.
"துணி வந்தது. வெள்ளி பின்னால் வரும்."

குச்சி ஒரு கணம் நின்றது.
பிறகு ஓடியது. கூலியை இரட்டித்தான்.
மண் உறையின் மேல் நானே முத்திரையை உருட்டினேன்:
ஒரு தேவி, ஒரு காளை,
இரண்டுக்கும் நடுவே கைகூப்பிய ஒருவன்.
தெரு முழுக்கத் தெரியும்.
இந்தத் தெருவில் எல்லோரும் எல்லோருக்கும் கடன்காரர்கள்;
வாய் திறக்கவில்லை.

ஏமாற்றினேன் என்று யாரும் சொல்ல முடியாது.
வெள்ளி போனது, எடை பார்த்து, முடிச்சிட்டு.
அவன் உயிரோடிருந்தபோது அனுப்பியதைவிட
இரண்டு ஷெக்கல் கூடுதலாகவே போனது.
அதுதான் காட்டிக்கொடுத்ததோ என்னவோ.

இந்த முறை பொதி வரவில்லை.
கடிதம் மட்டும் வந்திருக்கிறது.
உள்ளங்கைக்குள் அடங்கும் மண்.
ஆட்டினால் உள்ளே அசைகிறது,
முற்றிய சுரைக்காயில் விதை அசைவதுபோல.
உறையை உடைத்தால்தான் படிக்க முடியும்.
கல்லோடு வந்து நின்ற எழுத்தனை
நாளைக்கு வா என்று அனுப்பினேன்.
எத்தனையோ நாளைக்கு ஆகிவிட்டது.

கம்பளி விலை ஏறிவிட்டது என்றிருக்கலாம்.
மகளுக்குக் கல்யாணம், கிளம்பி வா என்றிருக்கலாம்.
என் பெயரும் இருக்கலாம்.
அவனுக்குத்தான் எழுதினாள் என்று
யார் சொன்னது?

இன்று கோட்டை மேட்டில் புகை.
தெற்கே வீடுகளின் உத்தரங்கள்
ஒவ்வொன்றாக வெடிக்கின்றன.
மகன் கையைப் பிடித்து இழுக்கிறான்.
பானைகளை விட்டேன்,
யார் யார் எவ்வளவு தரவேண்டும் என்ற
களிமண் ஏடுகளையும் விட்டேன்.
கடிதம் மாடத்திலேயே இருக்கட்டும்.
மண்தானே. வெந்தால் இன்னும் இறுகும்.
குயவனுக்குப் பிறந்தவளுக்கு
இதை யார் சொல்லித்தர வேண்டும்.

நுஹ்ஷாதும்,
உன் துணி ஒன்றை விற்காமல் வைத்திருந்தேன்.
அதைத்தான் போர்த்திக்கொண்டு ஓடுகிறேன்.
பின்கழுத்தில் என்னவோ குத்துகிறது.
முடியா, முள்ளா,
நின்று பார்க்க நேரமில்லை.